வீட்டுக்கு வந்த பரோட்டா

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் பிரானூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி ராஜ்யங்கள் மொழிவாரியாகத் திருத்தியமைக்கப்பட்டு, செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு வந்து சேரும் வரையில், கிழக்கே சர்க்கார் சீமை, மேற்கே மலையாளத்து மகாராஜாவின் சீமை என்று பூமியைப் பங்கு போட்ட எல்லை அந்த ஊரின் வழியாகத்தான் சென்றது. பிறகு எல்லை மேற்கே நகர்ந்து புளியரைக்கு அப்பால் மலையேறிப் போய்விட்டது. போகும்போது தன் பெயரை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டது. இன்றைக்கும் பஸ் கண்டக்டர் அந்த இடத்தில் ‘பார்டர் எறங்கு’ என்றுதான் கூவுகிறார். மரம் அறுக்கும் மில்களும், கேரளத்துக்குப் போகிற லாரிகளும், அந்த லாரிகளை ஓட்டிச் செல்கிறவர்களின் பசியும் ஒன்றுகூடுகிற அந்த இடத்தில் பரோட்டாக் கடைகள் தோன்றியதும், தோன்றியவை ஊர் தாண்டிப் புகழ் பெற்றதும் இயல்பான காரியங்களே. ரஹ்மத் கடையின் பெயரைச் சொன்னால் சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் தலையசைப்பவர்கள் உண்டு.

ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து, வெயிலும் தூறலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும் அந்தச் சாரல் காலத்தில், உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பேரருவியிலோ ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ தலையைக் கொடுத்து நின்றுவிட்டு வருகிறவர்களுக்கு உண்டாகும் பசி சாதாரணப் பசியன்று. அது இட்லியோடு சமாதானம் செய்துகொள்ளாத பசி. ஈரத் துண்டோடு வந்து உட்காருகிற அந்தப் பிரயாணிகளுக்கு இலையைப் போட்டு, கையகலமே உள்ள பரோட்டாக்களைப் பிய்த்து வைத்து, அவை முழுகும்படியாகச் சால்னாவை வார்த்து, பக்கத்தில் வறுத்த காடையையோ நாட்டுக்கோழியையோ வைக்கிற உபசாரத்தை, நான் சிறுவனாக இருந்த காலத்தில் பார்த்ததெல்லாம் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான்.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் வீடு காசி விசுவநாதர் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் இருந்தது. பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய அந்தக் கோயிலின் ராஜகோபுரம் அப்போது சிதைந்த மொட்டைக் கோபுரமாகவே நின்றுகொண்டிருந்தது. புதுக் கோபுரம் எழுந்து கும்பாபிஷேகம் கண்டது 1990-இல்தான். கோபுரம் இல்லாவிட்டாலும் ஆசாரத்துக்குக் குறைவில்லாத தெரு அது. சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை வெங்காயத்தைக்கூட ஆச்சி அடுக்களைக்குள் விடமாட்டாள். கோழியும் காடையும் வறுபடுகிற கடையில், அதே கல்லில் போட்டு எடுக்கிற பதார்த்தம், அது வெறும் மாவாகவே இருந்தாலும், எங்கள் வீட்டுப் பிள்ளைகளின் வாய்க்குப் போகலாகாது என்பது அவளுடைய தீர்ப்பு. தகப்பனார் அந்தத் தீர்ப்பின் மேல் அப்பீல் செய்கிறவர் அல்லர். பள்ளிக்கூடத்தில் உடன் படித்த பையன்கள், முந்தின இரவு பார்டரில் தின்றதை மறுநாள் முதல் பீரியடில் வர்ணிக்கும்போது, நான் என் தயிர் சாதத்தின் சாசுவதத்தை நினைத்துக்கொள்வேன்.

இதிலே இன்னொரு தடையும் இருந்தது. கோதுமை என்றால் எங்கள் பக்கத்தில் அப்போது மதிப்புக் கிடையாது. தாமிரபரணியும் சிற்றாறும் பாய்ந்து நெல் விளைகிற பூமியில், சர்க்கரை வியாதிக்காரர்களும் விரதமிருப்பவர்களும் உண்பது கோதுமை என்று ஓர் எண்ணம். அரிசித் தட்டுப்பாடு மிகுந்த 1960-களில், பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் பேரில் கப்பல் கப்பலாக வந்து இறங்கிய கோதுமையை ரேஷனில் வாங்கியவர்கள், அதை உடைத்துக் கஞ்சி வைப்பதா, அரைத்து ரொட்டி சுடுவதா என்று தெரியாமல் முகம் சுளித்தார்கள். அம்மா ஒரு தடவை அந்தக் கோதுமை மாவிலேயே பரோட்டா செய்து எங்களைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். வந்தது சப்பாத்தி, அதுவும் கோபமுற்ற சப்பாத்தி. தவிட்டின் துணுக்குகள் மாவின் இழைகளை அங்கங்கே அறுத்துவிடுவதால் முழுக் கோதுமை மாவை மெல்லிசாக வீச முடியாது என்ற தத்துவம் அன்று எங்களில் யாருக்கும் தெரியாது. தவிடும் முளையும் நீக்கி, வெண்மையாகச் சலித்தெடுத்த மைதாவுக்குத்தான் அந்த யோகம் உண்டு.

கடைசியில் வழி பிறந்தது எதிர்பாராத இடத்திலிருந்து. பார்டர்க் கடையொன்றில் கல்லுக்கு முன்னால் நின்றே தலை நரைத்துப் போன பாய் ஒருவர், வேலையை விட்டுவிட்டு எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் மகனோடு இருந்தார். அந்த மகனுக்கு என் தகப்பனார் கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கடனை வைத்துக்கொண்டிருக்க மனமில்லாமல் பாய் ஒருநாள் திண்ணையில் வந்து உட்கார்ந்து, ‘வாத்தியாரையா, எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். பிள்ளைகளுக்கு அதெச் செஞ்சு காட்டட்டுமா? உங்க வீட்டுப் பாத்திரம், உங்க வீட்டுக் கல்லு. நான் கையை மட்டும் கொண்டாறேன்’ என்றார். இந்த வாதத்தின் சாமர்த்தியத்தை ஆச்சி கூட ரசித்திருக்க வேண்டும். கோழி தொடாத கல், புழங்காத பாத்திரம், புறவாசல் திண்ணை என்ற நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். பாய் வந்ததும் மைதாவை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கித் திறந்து பார்த்துவிட்டு, ‘மாவு ஈரம் குடிச்சிருக்கு. தண்ணியைக் கொறச்சுக்கிடணும்’ என்றார். ஒரு கிலோ மாவுக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு. சாரல் காலத்தில் மாவே காற்றிலிருந்து ஈரத்தை வாங்கி வைத்திருப்பதால் அதில் ஒரு கை குறைக்க வேண்டும், சித்திரை வெயிலில் ஒரு கை கூட்ட வேண்டும். புத்தகத்தில் அளவு எழுதுகிறவர்கள் எந்த மாதத்தில் உட்கார்ந்து எழுதினார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால் உபகாரமாக இருக்கும் என்று இப்போதும் நான் நினைப்பதுண்டு. மாவில் உப்பும், சிவக்க வேண்டும் என்பதற்காக இரண்டு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைந்தார்.

‘ஏ தம்பி, மொத்தமா ஊத்தாதெ. மாவு கேக்கும், கேக்கக் கேக்கக் குடு’ என்றார், செம்பைப் பிடித்துக்கொண்டிருந்த என்னிடம்.

அந்தப் பிசைதலை நான் நன்றாகப் பார்த்தேன். விரல்களால் அல்ல, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் மாவை முன்னே தள்ளி, மடித்து, கால்வாசி திருப்பி, மறுபடி தள்ளி, தோள்பட்டையின் கனமெல்லாம் மணிக்கட்டு வழியாக இறங்கும்படி அவர் செய்த அந்த வேலை நெடுநேரம் நீடித்தது. முதலில் கையெல்லாம் ஒட்டிக்கொண்டு அடம் பிடித்த மாவு, பிறகு கையை விட்டுப் பாத்திரத்தில் ஒட்டி, பிறகு பாத்திரத்தையும் விட்டுத் தன்னில் தானே ஒட்டிக்கொண்டது. அதன்மேல் விரலை அழுத்தி எடுத்தால் பள்ளம் மெல்ல மேலெழுந்து மறைந்தது. ‘இப்பம் சரி’ என்று எண்ணெய் தடவி, ஈரத் துணியால் மூடினார்.

அம்மா அடுப்பைப் பற்றவைக்க எழுந்தாள்.

‘எதுக்கும்மா இப்பமே? இனி மத்தியானம் பாத்துக்கிடலாம். ஊறட்டும்.’

‘அம்புட்டு நேரமா?’

‘நாம அவசரப்பட்டா அது சுருங்கிக்கிடும், பாத்துக்கிடுங்க’ என்று சொல்லிவிட்டு, பாய் தொழுகைக்குப் புறப்பட்டுப் போய்விட்டார்.

பரோட்டாவின் சூட்சுமம் முழுவதும் அந்த இடைவேளையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். கோதுமையில் உள்ள இருவகைப் புரதங்கள் தண்ணீரோடு கூடிப் பிசைபடும்போது குளூட்டன் என்ற இழுபடும் வலைப்பின்னலாக மாறுகின்றன. அரிசியில் அந்தப் பின்னல் உண்டாவதில்லை. அதனால்தான் நம்முடைய இடியாப்ப மாவை யாரும் காற்றில் வீச நினைப்பதில்லை. ஆனால் பிசைந்த சூட்டில் அந்த இழைகள் விறைத்துக் கொண்டிருக்கும். இழுத்தால் இழுத்த இடத்துக்கே திரும்பி ஓடும். ஊற ஊறத்தான் அவை இளகி, இழுத்த இழுப்புக்கு இணங்கும். ஓட்டல்களில் சிலர் முட்டை உடைத்து ஊற்றுகிறார்கள். சிலர் பால் விடுகிறார்கள். சிலர் ஆப்ப சோடாவை நம்புகிறார்கள். முட்டைக்கும் பாலுக்கும் அவற்றுக்குரிய ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆயினும் இவற்றில் பாதி, ஊற வைக்கப் பொழுதில்லாதவன் தேடிக்கொண்ட பரிகாரங்களே. எங்கள் வீட்டுப் பரோட்டாவில் இவற்றில் ஒன்றும் இல்லை. காலம் ஒன்றுதான் இருந்தது.

மத்தியானம் பாய் திரும்பி வந்து, மாவை இரண்டு கையாலும் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கிப் பிதுக்கி எலுமிச்சைக்குச் சற்றுப் பெரிய உருண்டைகளாக்கி, எண்ணெயில் புரட்டி வரிசையாக வைத்து, மறுபடி மூடினார். என் தம்பி அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அந்தக் காத்திருப்பும் கழிந்த பின்புதான் நாங்கள் ஜன்னல் வழியாகவே பார்த்திருந்த வித்தையை அருகிலிருந்து கண்டோம். கடப்பைக் கல் பதித்த மேடையை எண்ணெய் பூசித் துடைத்து, உருண்டையைக் கையால் தட்டிப் பரப்பி, ஓர் ஓரத்தை இரு கைகளாலும் தூக்கி, குளத்தில் வலை வீசுகிறவன் தோளைச் சுழற்றுகிற மாதிரி ஒரு சுழற்று சுழற்றி மேடையில் அறைந்தார். ஒவ்வோர் அறைக்கும் மாவு அகன்றது. நாலைந்து வீச்சில் அது மாவென்ற நிலையைக் கடந்துவிட்டது. அதன் அடியில் கடப்பைக் கல்லின் கீறல்களும், அம்மா அம்மியை நகர்த்தும்போது பட்ட ஒரு வெள்ளைத் தழும்பும் அப்படியே தெரிந்தன. ‘கல்லு தெரியணும்’ என்றார் பாய். அதுதான் அவருடைய அளவுகோல்.

அந்த மெல்லிய துணியின்மேல் டால்டாவைத் தடவ வேண்டியது. சாரல் குளிரில் டால்டா டப்பாவுக்குள்ளேயே உறைந்து கிடந்தது. அதைக் கங்கின் அருகே வைத்து இளக்கி, கடலை எண்ணெயோடு கலந்து, உள்ளங்கையால் பூசினார். பிறகு கொசுவம் வைத்து மடித்து, நீளமாக இழுத்து, ஒரு முனையிலிருந்து சுருட்டிக்கொண்டே வந்து, மறு முனையை அடியில் செருகினார். சுருட்டியவற்றுக்கும் ஓர் ஓய்வு உண்டு. பிறகு உள்ளங்கையால் தட்டி, காய்ந்த கல்லில் போட்டுத் திருப்பித் திருப்பி வேகவைத்தார். உள்ளே அடுக்குகளின் நடுவே பூசிய எண்ணெய் அவற்றை ஒட்டவிடாமல் தடுக்க, மாவின் ஈரம் ஆவியாகி அவற்றை மெல்லப் பிரித்துத் தூக்குகிறது. புளிக்க வைக்காமலே பரோட்டா உப்பிக்கொள்வது இவ்வண்ணமே. அதோடு விடவில்லை. வெந்த பரோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சூடு பொறுக்காமல் நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி, இரு பக்கமும் கைகளால் நெருக்கித் தட்டினார். தட்டத் தட்ட அடுக்குகள் பூவிதழாகப் பிரிந்து நின்றன.

சால்னாவை அம்மா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருந்தாள். சின்ன வெங்காயமும் தக்காளியும் வதக்கி, தேங்காய், சோம்பு, கசகசா, பொரிகடலை, பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் அம்மியில் வெண்ணெயாக அரைத்துக் கொதிக்கவிட்டு, கறிவேப்பிலையும் மல்லித்தழையும் கிள்ளிப்போட்ட அந்தச் சைவச் சால்னா, கோழி எலும்பின் சாரத்தை நம்பி நிற்கிற கடைச் சால்னாவுக்கு இளைத்ததன்று. இதில் எனக்குப் பட்சபாதம் இருக்கலாம். பட்சபாதம் இல்லாத மனிதன் அம்மா வைத்த குழம்பைப் பற்றி எழுதவே கூடாது. கடைப் பரோட்டாவோடு ஒப்பிட்டால் வீட்டுப் பரோட்டாவுக்கு ஒரு குறை உண்டு என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: பகலிலிருந்து நள்ளிரவு வரை ஆறாமல் எரிகிற கடையின் தடித்த பெருங்கல்லில் ஏறியிருக்கிற சூடு, வீட்டுத் தோசைக்கல்லுக்கு ஒருபோதும் வராது. இரண்டு பரோட்டா போட்டதுமே அது களைத்துவிடும். ஆகையால் மேல்தோலின் மொறுமொறுப்பில் கடைக்குத்தான் ஜயம். உள்ளடுக்கின் மென்மையில் வீடு விட்டுக்கொடுப்பதில்லை.

ஆச்சி சாப்பிட்டாளா என்று கேட்பீர்கள். எல்லோரும் உண்ட பிறகு, ‘அந்த ரொட்டியில ஒரு துண்டு கொண்டா, உப்புப் பாக்கேன்’ என்றாள். உப்புப் பார்ப்பதற்கு ஒரு முழுப் பரோட்டா வேண்டியிருந்தது.

குற்றாலத்தில் கடைசிக் காலம் வரை வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி.யின் வீட்டுக்கு ராஜாஜியும் கல்கியும் வந்து தங்கிப் போன காலத்தில், அங்கே கவிதையும் சாப்பாடும் ஒரே சிரத்தையோடு பரிமாறப்பட்டன என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நல்ல பாட்டில் நல்ல இடத்தை நிறுத்தி நிறுத்திச் சுவைக்கக் கற்றுக்கொடுத்த டி.கே.சி.யின் ஊர்க்காரர்கள், பரோட்டாவின் அடுக்கைப் பிரித்துப் பிரித்துத் தின்பதிலும் அதே பொறுமையைக் காட்டுகிறார்கள் என்று நான் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இவ்வளவும் ஞாபகத்துக்கு வந்தது, சில வருஷங்களுக்கு முன் வெளிநாட்டிலிருந்து சாரலுக்கு வந்திருந்த என் தம்பி மகளால். ‘பெரியப்பா, நம்ம வீட்டுலயே பீட்சா போடப் போறேன், எல்லாமே நானே செய்யப் போறேன்’ என்று அவள் அறிவித்ததும், நான் அடுக்களை வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டேன். அதே மைதா. தண்ணீர், உப்பு, ஈஸ்ட், அவ்வளவுதான். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துச் சம்பிரதாயமும் மாவுக்கு இந்த நாலு பொருள்களுக்கு மேல் அனுமதிப்பதில்லை. அங்கே பீட்சா மாவைக் கையால் பரப்பிச் சுழற்றிச் சுடுகிற கலையை 2017-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் சொத்துகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்தபோது எங்கள் புறவாசலில் நின்ற பாயின் மணிக்கட்டு என் கண்முன் வந்தது. யுனெஸ்கோவுக்குப் பிரானூருக்கு வழி தெரியாதது அவருடைய குற்றமன்று.

அவள் மாவைப் பிசைந்து மூடி வைத்தாள். அன்று மழை கனத்து, வீடு முழுதும் குளிர்ந்திருந்ததால் ஈஸ்ட் சோம்பிக் கிடந்தது. வெளிநாட்டில் ஒரு மணியில் இரட்டிப்பாகிற மாவு இங்கே பாதிகூட எழவில்லை. அவளுக்குக் கவலை. ‘வெந்நீர்ப் பானைப் பக்கத்துல வை, ஊறட்டும், நீ போயி அருவில குளிச்சிட்டு வா’ என்றேன். வந்து பார்த்தபோது மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. அடுத்த சங்கடம் அடுப்பு. நேப்பிள்ஸின் விறகு அடுப்பில் நானூறு டிகிரி செல்சியஸுக்கும் மேலான வெப்பத்தில் பீட்சா ஒன்றரை நிமிஷத்துக்குள் வெந்துவிடுகிறது. மேலிருந்தும் கீழிருந்தும் சூடு தாக்குவதே அதன் லட்சணம். எங்கள் வீட்டுத் தோசைக்கல்லுக்குக் கீழ்ச்சூடு மட்டும்தான் தெரியும். ஆகவே கல்லின்மேல் பீட்சாவை வைத்து, கனத்த இரும்புச் சட்டியால் மூடி, சட்டியின் முதுகில் கங்குகளைக் கொட்டினோம். அடி சிவந்து, மேலே சீஸ் உருகிக் கொப்பளித்து, தக்காளியும் வெங்காயமும் கருகும் தறுவாயில் நின்றன. கெட்டிக்கார வேலைதான். எங்கள் சின்ன வெங்காயத்தின் தித்திப்பு அதற்கு நன்றாகவே ஒத்துக்கொண்டது. சீஸைப் பற்றி என் கருத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மாவுக்கும் உறவு உண்டு. ஒன்று ஈஸ்ட்டின் மூச்சால் எழுகிறது, மற்றது எண்ணெயாலும் ஆவியாலும் பிரிகிறது என்பதே வித்தியாசம். மலேசியாவில் நம்மவர்கள் ‘ரொட்டி சானாய்’ என்று வீசுவதும், இலங்கையில் கொத்தித் தருகிற கொத்து ரொட்டியும், விருதுநகரில் எண்ணெயில் முழுகிப் பொரிகிற பரோட்டாவும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. மைதாவில் நார்ச்சத்து மிகக் குறைவு, அடிக்கடி தின்னலாகாது என்று வைத்தியர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு பொழுது முழுவதையும் வாங்கிக்கொள்கிற பலகாரத்தை எந்த வீட்டிலும் அடிக்கடி செய்ய முடியாது. ஆகையால் வீட்டில் செய்து தின்பவர்களுக்கு வைத்தியரின் புத்திமதி தானாகவே நிறைவேறிவிடுகிறது. எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறை, ஆடிச் சாரலில், அது நடந்து வந்தது. பாய் காலமான பிறகு அம்மாவே வீசினாள். கடைக்காரர்களின் அகலம் வராவிட்டாலும் கல் தெரிந்தது.

குற்றாலத்துக்குக் குளிக்க வருகிற அன்பர்கள் பார்டர்க் கடைகளிலேயே சாப்பிடுவது விவேகம். அந்தக் கல்லின் சூடு வேறெங்கும் கிடைக்காது. வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்லக் கூடியது ஒன்றுதான்: இரவுச் சாப்பாட்டுக்குப் பரோட்டா வேண்டுமானால் காலைக் காபி ஆனதும் மாவைப் பிசைந்து மூடிவிடுங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆசை வந்து ஏழு மணிக்குத் தின்ன வேண்டுமென்று தோன்றினால், தோசை வார்த்துக்கொள்வது உத்தமம்.